டயாலிசிஸுக்குப் போகும் அப்பாவுக்கு எந்த வண்டியை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார். மருத்துவமனைக்குள் வீல்சேர் தேவைப்படுகிறது. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவாக இருக்கிறது. இதுவரை நானே கூட்டிப்போய் வந்தேன். வேலை நேரம் மாறிவிட்டதால் இனி முடியாது. ஆப்பில் பதிவு செய்யும் டாக்சி, முதியோருக்கென்றே நடத்தும் வேன் சேவை, நோயாளிகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வாகனம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எதை, எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? அவரைத் தனியாக அனுப்பலாமா?

பதில்: உங்கள் அப்பாவின் நிலையில் இருப்பவருக்கு, கைகொடுத்து ஏற்றி இறக்கும் முதியோர் வேன் சேவையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆப் டாக்சி மாற்று ஏற்பாடாக இருக்கட்டும். படுத்தபடியே போக வேண்டியவர்களுக்கும், வழியில் ஆக்சிஜனோ கண்காணிப்போ தேவைப்படுகிறவர்களுக்கும்தான் மூன்றாவது வகை வாகனம். அவருக்கு இப்போதைக்கு அது வேண்டாம். ஆனால் வகையை முடிவு செய்வதோடு வேலை முடிந்துவிடாது. "முதியோர் சேவை" என்று எழுதி ஓடும் இரண்டு வேன்களுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

அந்த வித்தியாசம் திரும்பி வரும் பயணத்தில்தான் தெரியும். போகும்போது அவர் தெம்பாக இருப்பார், வீட்டில் யாராவது ஏற்றிவிடுவார்கள், நேரமும் தெரிந்த நேரம். திரும்பும்போது எல்லாமே வேறு. டயாலிசிஸ் பொதுவாக 4 மணி நேரம் என்றாலும், எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகலாம். பிரஷர் இறங்கிவிட்டதென்று கொஞ்ச நேரம் படுக்கவைத்திருக்கலாம். உடம்பிலிருந்து நீரை எடுத்திருப்பதால் எழுந்ததும் தலை கிறுகிறுக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், களைப்பு ஆளை அசத்தும். அந்த நிலையில் அவர் மருத்துவமனை வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளின் நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அதனால் எந்தச் சேவையிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: "முடிவதற்கு ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன செய்வீர்கள்?" நடைமுறை தெரிந்தவர்களிடம் தயாரான பதில் இருக்கும். டிரைவர் காத்திருப்பாரா, போய்விட்டு அழைத்தால் வருவாரா, எத்தனை நிமிடத்தில் வருவார், காத்திருப்புக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று சொல்லிவிடுவார்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிற பதில் வந்தால் அந்தச் சேவையை விட்டுவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்கெனவே ஏற்றிச் செல்கிறார்களா என்றும் கேட்கலாம். அதைவிட நல்ல வழி, அப்பா போகும் டயாலிசிஸ் பிரிவின் நர்ஸிடம் விசாரிப்பது. எந்த வண்டி நேரத்துக்கு வருகிறது, எந்த வண்டிக்காகப் பெரியவர்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. விளம்பரத்தை நம்புவதைவிட அவர்கள் வார்த்தையை நம்பலாம்.

அடுத்தது, எங்கிருந்து எங்கு வரை கூட வருவார்கள் என்பது. சிலர் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பார்கள். சிலர் வீட்டு வாசல் வரை வந்து கைப்பிடித்துக் கூட்டிப்போவார்கள். இன்னும் சிலர் வீட்டுக்குள் வந்து நாற்காலியிலிருந்து எழுப்பி, மருத்துவமனையில் அந்தப் பிரிவு வரை கொண்டுபோய் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். உங்களுக்குத் தேவை இந்த மூன்றாவது வகை. பதிவு செய்யும்போதே, "டயாலிசிஸ் பிரிவில் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும், திரும்பும்போது அங்கிருந்தே அழைத்து வந்து வீட்டுக்குள் உட்காரவைக்க வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே ஒப்புதல் வாங்குங்கள். வீட்டில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், லிஃப்ட் உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். படி இருப்பது தெரியாமல் ஒற்றை ஆளாக வந்து நின்றால் டிரைவருக்கும் கஷ்டம், அப்பாவுக்கும் ஆபத்து.

முதியோருக்கு வண்டி ஓடும்போது இருக்கும் ஆபத்தைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிற ஆபத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில், பக்கத்தில் எங்காவது ஒரு சின்னப் பயணம். நீங்களும் கூடப் போங்கள், ஆனால் உதவிக்குப் போகாமல் டிரைவரின் கைகளை மட்டும் கவனியுங்கள்.

பழகிய டிரைவர் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். தன் முன்கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். எழுந்ததும் உடனே நடக்கவிடாமல் கொஞ்சம் நிற்கவைப்பார். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குவது வயதானவர்களிடம் சாதாரணம், டயாலிசிஸ் முடிந்த வேளையில் இன்னும் சாதாரணம். பிறகு அப்பாவைக் காருக்கு முதுகைக் காட்டித் திருப்பி, முழங்காலின் பின்பக்கம் சீட்டில் படும்வரை பின்னால் வரச் சொல்லி, முதலில் உட்காரவைத்து, தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மறுகாலில் தள்ளாடி நிற்கிற நிலையே வரக் கூடாது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் விடக் கூடாது, அது நகரும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கித் திரும்ப வசதியாக இருக்கும் என்று சிலர் செய்வார்கள். நல்ல உபாயம்தான், ஆனால் வண்டி கிளம்பும் முன் அதை உருவிவிட வேண்டும். பிரேக் போட்டால் ஆளும் சேர்ந்து வழுக்கிவிடுவார்.

சீட்டின் உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிடுகிற தாழ்வான கார் வேண்டாம், எழ முடியாது. கால் வைத்து ஏற வேண்டிய அளவு உயரமான வண்டி என்றால், அகலமான, அசையாத ஏறுபடியும் உறுதியான கைப்பிடியும் இருந்தாக வேண்டும். சின்ன முக்காலியைக் கீழே போட்டு ஏற்றுகிற வண்டியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிரைவருக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று. அப்பாவுக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) போட்டிருந்தால், அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்கவோ அழுத்தவோ கூடாது. தாங்கிப் பிடிப்பது எப்போதும் மறுகைப் பக்கம்தான். பையின் வாரை அந்தக் கையில் மாட்டிவிடவும் கூடாது. சீட் பெல்ட் அந்தக் கையை நெரிக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் வண்டியின் அடுத்த பக்கத்தில் உட்காரவையுங்கள். பெல்ட்டைப் போடாமல் மட்டும் விடாதீர்கள். அப்பாவின் சட்டைப் பையில் சுத்தமான காஸ் துணி இருக்கட்டும். வழியில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் விரலால் அந்த இடத்தில் நேராக, விடாமல் அழுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் அழுத்திய கையை எடுக்காமலே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும், கொட்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிற டிரைவர் வேறு, "எந்தக் கை?" என்று திருப்பிக் கேட்கிற டிரைவர் வேறு. இரண்டாமவரைத்தான் தேட வேண்டும்.

இப்போது அவர் வாக்கரில் நடந்து ஏறுகிறார். சோர்ந்த நாளில் வீல்சேரோடு ஏற்றலாமே என்று சேவைக்காரர்கள் சொல்லலாம். முடிந்தவரை வண்டியின் சீட்டுக்கு மாறி உட்காருவதே பாதுகாப்பு. மாறவே முடியாத நாளில் வீல்சேரை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நேரில் பாருங்கள். சேர் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் சேரின் சட்டத்தில் மாட்டி, வண்டியின் தரையோடு இறுக்கப்பட வேண்டும். சக்கரத்திலோ கழற்றக்கூடிய கைப்பிடியிலோ கொக்கி மாட்டினால் பயனில்லை. அப்பாவுக்குத் தனியாக, தோளுக்கும் இடுப்புக்குமான சீட் பெல்ட் வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் போகாமல் இடுப்பு எலும்பின் மேல் படிந்து, சேரின் கைத்தாங்கிக்கு உள்பக்கமாக வர வேண்டும். சேரோடு வருகிற சின்னப் பெல்ட் அவர் சரியாமல் உட்காரத்தான், விபத்தில் அது தாங்காது. "பிரேக் போட்டிருக்கோம், நகராது" என்று சொல்லும் சேவையில் வீல்சேரோடு ஏற்றவே ஏற்றாதீர்கள். வெறுமனே நிற்கும் வாக்கரும் ஆபத்துதான். மடித்து டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள்.

உரிமம், வாகனத் தகுதிச் சான்று, பயணிகளுக்குச் செல்லும் காப்பீடு, டிரைவரின் பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிப் பயிற்சி இவற்றையெல்லாம் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் டிரைவர் எத்தனை முறை மாறுவார் என்பதையும் கேளுங்கள். காது மந்தமான பெரியவருக்குத் தெரிந்த முகம், பழகிய குரல் பெரிய ஆறுதல். மாறுவது தவிர்க்க முடியாது என்றால், யார் வருகிறார் என்று முந்தின நாளே பெயரும் படமும் அனுப்பச் சொல்லுங்கள்.

நம்பகம் என்றால் டயாலிசிஸ் விஷயத்தில் ஒரே பொருள்தான்: ஒருமுறைகூடத் தவறக் கூடாது. தவறினால் உடம்பில் நீர் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தைப் பாதிக்கும். வாரம் மூன்று முறை செய்கிறவர்களுக்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி வரும். அதற்கு அடுத்த டயாலிசிஸ்தான் கொஞ்சமும் தள்ளிப்போடக் கூடாதது. அந்த நாளுக்கு எப்போதும் இரண்டாவது ஏற்பாடு ஒன்றை வைத்திருங்கள். ஆப் டாக்சி இங்கேதான் உதவும். ஆனால் பதிவு அப்பாவின் போனில் வேண்டாம். நீங்கள் பதிவு செய்து, வண்டி நம்பரை நர்ஸிடம் சொல்லி, டிரைவரிடம் பேசி "பெரியவர், வாக்கர் இருக்கிறது, உள்ளே வந்து கூட்டிப்போக வேண்டும்" என்று சொல்லுங்கள். சம்மதித்தால் சரி, இல்லையென்றால் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு அடுத்த வண்டி. பயண வழியை உங்கள் போனில் பார்த்துக்கொள்ளும் வசதியையும் தவறாமல் போட்டுவையுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, குழறல், மயக்கம் இதில் எது வந்தாலும் மேலே சொன்ன எந்த வண்டியும் வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ்தான். இதைச் சேவைக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். வழியில் இப்படி ஆனால் வண்டியை ஓரம் கட்டி ஆம்புலன்ஸை அழைக்கும் நடைமுறை அவர்களிடம் இருக்க வேண்டும்.

இனி, தனியாக அனுப்பலாமா என்ற கேள்வி. நினைவு தெளிவாக இருப்பதால் அனுப்பலாம், ஆனால் எடுத்த எடுப்பில் வேண்டாம். முதல் இரண்டு வாரம் திரும்பும் பயணத்திலாவது வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். அப்பாவிடமும் கேளுங்கள், எந்த டிரைவர் அவசரப்படுத்துகிறார், யார் பொறுமையாக நிற்கிறார் என்று அவர்தான் சரியாகச் சொல்வார். பெற்றவர்கள் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று பலதையும் மறைப்பார்கள், அதனால் "எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காமல், "உள்ளே வந்து கூட்டிப்போனாரா? பெல்ட் போட்டுவிட்டாரா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர், ரத்த வகை, மருந்துகள், ஃபிஸ்டுலா உள்ள கை, உங்கள் போன் நம்பர் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை அவரிடம் இருக்கட்டும். சுகர் இருந்தால், வண்டி தாமதமாகும்போது சுகர் இறங்கிவிடாமல் இருக்க என்ன கொடுத்தனுப்பலாம் என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு எல்லாப் பழச்சாறும் ஆகாது.

முந்தைய முறை பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தாலோ, எடுக்கும் நீரின் அளவையோ பிரஷர் மாத்திரையையோ டாக்டர் மாற்றியிருந்தாலோ, அதற்கு முந்தின ஒரு வாரத்தில் அவர் எங்காவது விழுந்திருந்தாலோ, அன்று அவர் தனியாகப் போகக் கூடாது. எத்தனை நல்ல சேவையாக இருந்தாலும் அன்று நீங்களோ வீட்டில் இன்னொருவரோ கூடப் போங்கள்.