தெளிந்த வானத்தில், பட்டப்பகலில் இரண்டு சிறிய விமானங்கள் எப்படி மோதிக்கொள்கின்றன?

நாகர்கோவிலில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் செஸ்னா விமானத்தில் பயிற்சிக்குச் சேரப் போகிறாளாம். சுற்றிலும் கண்ணாடி இருந்தும், மேகமே இல்லாத நாளிலும் மோதல் நடக்கிறதே, எப்படி என்று.

மேகம் இல்லாத நாள் என்பதால்தான் நடக்கிறது. வானிலை மோசமென்றால் சிறிய விமானங்கள் அதிகம் கிளம்பாது. தெளிந்த நாளில் எல்லாரும் பறப்பார்கள், கடைசியில் எல்லாரும் திரும்பி வருவது ஒரே ரன்வேக்கு. ஆகவே பெரும்பாலான மோதல்கள் பகல் வெளிச்சத்தில், விமான நிலையத்தை ஒட்டி, தாழ்ந்த உயரத்தில் நடக்கின்றன. நேருக்கு நேர் முட்டுவது குறைவு. ஒன்று இன்னொன்றைப் பின்னாலிருந்தோ மேலிருந்தோ நெருங்குவதே அதிகம்.

குளச்சல், தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். தூரத்தில் தெரியும் கப்பலை நம் படகின் ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பார்ப்பது. கம்பத்தை விட்டு முன்னாலோ பின்னாலோ விலகினால் பயமில்லை. கம்பத்தோடு ஒட்டிக்கொண்டே பெரிதாகி வந்தால் மோதப் போகிறது. வானத்திலும் அதேதான். இரண்டு விமானங்கள் மாறாத வேகத்தில், நேர்கோட்டில் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தால், ஒன்றின் கண்ணாடியில் மற்றது அசையாத புள்ளியாகவே நிற்கும். ஓரக்கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். அந்தப் புள்ளி கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். கடைசி வினாடிவரை அங்கேயேதான் இருக்கும்.

சட்டம் எவ்வளவு மறைக்கும்? நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி. சட்டம் அதைவிட ஒடுக்கமென்றால் ஏதாவது ஒரு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒற்றைக் கண்ணாகப் பார்க்கும்போது, விழித்திரையில் நரம்பு புறப்படும் இடத்தில் உள்ள இயற்கையான குருட்டுப் புள்ளி சேர்ந்துகொள்ளும். சட்டம் 10 செ.மீ. அகலமாக, முகத்திலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால், 1 கி.மீ. தொலைவில் 70 மீட்டருக்கு மேல் இரு கண்ணுக்கும் மறைந்துவிடும். செஸ்னா 172 இன் இறக்கை நீளமோ 11 மீட்டர்தான். எனவே கண்ணை மட்டும் சுழற்றினால் போதாது. தலையையே முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். முதல் வகுப்பிலேயே பழக்க வேண்டிய இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை என்பது என் குறை.

அடுத்தது இறக்கை. செஸ்னா 152, 172 இவற்றின் இறக்கை தலைக்கு மேலே. கீழே நன்றாகத் தெரியும், மேலே தெரியாது. பைப்பர் ஆர்ச்சர், டைமண்ட் டிஏ40 இவற்றுக்கு இறக்கை கீழே. மேலே தெரியும், கீழே தெரியாது. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பாதையில், இருக்கும் செஸ்னாவின் தலைக்கு மேல் ஒரு பைப்பர் சற்றுச் செங்குத்தாக இறங்கி வந்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. இரண்டு பைலட்டும் கவனமாகத்தான் இருப்பார்கள்.

திரும்பும்போது கதை இன்னும் சிக்கலாகும். செஸ்னா இடப்பக்கம் திரும்பினால் இடது இறக்கை தாழ்ந்து, போகப் போகிற திசையையே மறைக்கும். அதனால் திரும்புவதற்கு முன் அந்த இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாய வேண்டும். தாழ்ந்த இறக்கை விமானத்தில் இது தலைகீழ்: உள்பக்கம் தெரியும், மேலெழும் வெளி இறக்கை வெளிப்பக்கத்தை மறைக்கும். இறங்குவதற்கு முன் ரன்வேயைச் செவ்வகமாகச் சுற்றி வரும் பாதைதான் சர்க்யூட், அதில் ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதி பேஸ். இடப்பக்கமாகத் திரும்பும் சர்க்யூட்டில் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது, நீண்ட நேர் ஃபைனலில் ஒருவர் வந்தால் அவர் வருவது அந்த வலப்பக்கத்திலிருந்துதான். எனவே பைப்பர், டைமண்ட் ஓட்டுகிறவர் சாய்வதற்கு முன்பே வலப்பக்கத்தை முழுதாகப் பார்த்து முடித்திருக்க வேண்டும். சாய்ந்த பிறகு தேடிப் பயனில்லை.

விதிகளிலும் ஒரு முரண் உண்டு. குறுக்கே வருகிறவர்களில் வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் பைலட் உட்காருவது இடது இருக்கையில். வலப்பக்கத்தைப் பக்கத்து இருக்கைக்காரரின் தோளும் தலையும் மறைக்கின்றன. அவரையும் பார்க்கச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

மேலேறும்போது மூக்கு உயர்ந்து முன்பக்கம் மறையும். 500 அடிக்கு ஒருமுறை மூக்கைத் தாழ்த்தியோ, லேசாக வலமும் இடமும் வளைந்தோ முன்னால் பார்க்க வேண்டும். ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலை) பயிற்சிக்கு முன், சுற்றிலும் பார்த்துக்கொள்ள எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு 90 டிகிரித் திருப்பங்கள்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? பொருளைக் கண்டதிலிருந்து விமானம் உண்மையில் விலகத் தொடங்கும்வரை 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தரும் கணக்கு. மோதல் பாதை என்று உணரவே அதில் 5 வினாடி, எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவெடுக்க 4. தலா 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்தில் இடைவெளி 1.3 கி.மீ. குறைந்துவிடும். அவ்வளவு தொலைவில் 11 மீட்டர் இறக்கை முழுநிலவின் அகலம்தான் இருக்கும், அதுவும் முன்னாலிருந்து பார்த்தால் மெல்லிய கோடாக. கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதியோ மிகச் சிறியது. ஆகவே வானத்தை 10 டிகிரித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வினாடி கண்ணை நிறுத்த வேண்டும். 180 டிகிரிக்கு 18 வினாடி ஆகும், கையில் இருப்பது 12.5. அதனால்தான் இரு பக்கமும் 60 டிகிரி, அடிவானத்துக்கு மேலும் கீழும் 10 டிகிரி என்று சுருக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மேலோட்டமாகச் சட்டென்று ஒரு சுற்றுப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

நம் கடற்கரையில் இன்னொன்று. கடலும் வானமும் ஒரே வெளிர்நிறமாகப் பனிமூட்டம் போட்ட நாளில் கண்ணுக்குப் பிடிப்பு இல்லாமல், பார்வை சில அடி தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். கரைக்கோடு, கப்பல், மேக விளிம்பு என்று தூரத்தில் எதையாவது அடிக்கடி பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். முப்பந்தல் காற்றாலைக் கூட்டம் போன்ற பின்னணிக்கு மேல் தாழப் பறக்கும் வெள்ளை விமானத்தை மேலிருந்து பிரித்தறிவதும் கடினம்.

கண்ணாடியில் ஒட்டிய ஒரு பூச்சி தூரத்து விமானம்போலவே இருக்கும். துடைப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் கழுவ வேண்டும். பிறகு மென்மையான பருத்தித் துணியால், வட்டமாகச் சுற்றாமல் மேலும் கீழுமாக. வட்டக் கீறல் எந்தப் பக்க வெயிலிலும் கண்ணைக் கூச வைக்கும். இது அக்ரிலிக் பிளாஸ்டிக், அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவமோ பெட்ரோலோ பட்டால் வெடிப்பு விடும்.

ரேடியோவைக் காதுகொடுத்துக் கேட்பது பெரிய உதவி. எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்தால் தேடல் எட்டு மடங்கு பலன் தரும் என்பார்கள். 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பின், இந்திய வான்வெளியில் பெரிய விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. ஆனால் அது மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (ரேடியோ கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவி) தரும் பதிலை நம்பியது. எதிரே வரும் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இல்லையென்றாலோ, அணைந்திருந்தாலோ திரையில் ஒன்றும் வராது. காக்பிட்டில் வைக்கும் சிறிய ஏடிஎஸ்-பி ரிசீவருக்கும் (மற்ற விமானங்கள் ரேடியோவில் அனுப்பும் தங்கள் இருப்பிடத்தைப் பிடிக்கும் கருவி) விமானத்தின் உடலே மறைப்பு. உங்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கம் பல நேரம் அதற்கும் தெரியாது.

மகள் உயரம் குறைவென்றால் கெட்டியான, வழுக்காத குஷன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இன்ஜின் மூடிக்கு மேலாக அடிவானம் தெரிய வேண்டும், வால் சுக்கானை இயக்கும் ரடர் பெடலைக் காலால் முழுதாக அழுத்தவும் எட்ட வேண்டும். இருக்கை, அது முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று ஒவ்வொரு முறையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.