மொழி மாறினால் சோதனை ஏன் நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்கு எடை, கணக்கு, பட்டுவாடா ஆகியவற்றுக்கான மென்பொருளைத் தமிழ், ஆங்கிலம், மலையாளம் ஆகிய மூன்று மொழித் திரைகளுடன் தருகிறோம். உலாவியைத் தானே இயக்கிப் பார்க்கும் செலினியம் என்ற கருவியில் எழுதிய தானியங்கிச் சோதனைகள் ஆங்கிலத் திரையில் ஒழுங்காக ஓடுகின்றன. தமிழுக்கு மாற்றியதும் முதல் பட்டனிலேயே நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே எழுதத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அப்படி எழுதினால், திரையில் ஒரு கட்டம் கூடினாலும் மூன்று இடங்களில் திருத்த வேண்டிவரும். சில மாதங்களில் அவற்றை யாரும் ஓட்டமாட்டார்கள். உங்கள் சோதனை பட்டனை அதன் மேல் தெரியும் சொல்லைக் கொண்டு தேடுகிறது என்பது என் ஊகம். 'சேவ்' என்ற எழுத்துகளைத் தேடப் பணித்திருந்தால், திரையில் 'சேமி' என்று வந்தவுடன் அந்தப் பட்டனே இல்லை என்றுதான் கருவி முடிவு செய்யும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் பரிந்துரையாக வெளியிட்ட, உலாவியை நிரலால் இயக்குவதற்கான வெப்டிரைவர் தரம், பட்டன், கட்டம் போன்ற திரை உறுப்புகளைத் தேட ஐந்து வழிகளைத் தருகிறது. அவற்றில் இரண்டு இணைப்பில் தெரியும் சொல்லையே நம்பியவை. பக்கத்தின் உள்ளமைப்பில் உறுப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் எக்ஸ்பாத் வழியாகத் தேடும்போதும் பலர் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பட்டனுக்கும் கட்டத்துக்கும் மொழி மாறினாலும் மாறாத ஓர் ஐடியை, அதாவது உள் அடையாளப் பெயரை, நிரல் எழுதுபவரே வைத்துவிட வேண்டும். பிளேரைட் போன்ற புதிய கருவிகள், பயனர் பார்க்கும் பெயரைக் கொண்டே தேடும்படி அறிவுறுத்துகின்றன. ஒரே மொழித் திரைக்கு அது நல்ல அறிவுரைதான், உங்களுக்கு அது பொருந்தாது.

சோதனை எந்த மொழியில் ஓட வேண்டும் என்பதை வெளியிலிருந்து தரும் ஒரு மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மெனுவைத் திறந்து மொழியை மாற்றும் வேலையைச் சோதனையிடம் விடாதீர்கள். பயனர் கணக்கின் அமைப்பிலேயே மொழியைப் பதிந்துவிட்டுப் பிறகு திரையைத் திறக்கச் செய்யுங்கள். எதிர்பார்க்கும் செய்திகளை, திரைச் சொற்களை வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே எடுத்து ஒப்பிடுவது வசதியானது. ஆனால் அந்தக் கோப்பில் பிழை இருந்தால் திரையிலும் அதே பிழை தோன்றும், சோதனையும் தேறிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: எல்லாச் சோதனைகளையும் எல்லா மொழிகளிலும் ஓட்டினால் இரவு முழுவதும் ஆகிறது. எதைக் குறைப்பது? (குன்னூர் வாசகர்)

பதில்: இலையின் எடையையும் விலையையும் பெருக்கி, முன்பணத்தைக் கழித்துப் பட்டுவாடாத் தொகை காணும் கணக்கு மொழியை அறியாது, அதை ஒரே மொழியில் முழுமையாகச் சோதித்தால் போதும். மொழியால் மாறுபவற்றை மட்டும் மற்ற மொழிகளில் ஓட்டுங்கள். அங்கேதான் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கோத்தகிரி' என்பதில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். முதல் முறையில் அச்சொல்லுக்கு 9 குறியீடுகள், இரண்டாவதில் 10. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு விவசாயியின் ஊர் ஒரு வகையிலும், தேடுபவர் தட்டச்சு செய்வது மறு வகையிலும் இருந்தால், பட்டியலில் அவர் கிடைக்கமாட்டார். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். இரு வடிவங்களையும் உள்ளிட்டுப் பார்க்கும் ஒரு சோதனையும் இருக்க வேண்டும். யூனிகோடு குறியீடுகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் என்பதால், பெயர்க் கட்டத்தை 20 பைட் என்று அளந்துவிட்ட தரவுத்தளத்தில் 21 பைட் கொண்ட 'நீலகிரி' கூட முழுமையாக அடங்காது. குறியீட்டு எண்களின்படி வரிசைப்படுத்தினால் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே வந்துவிடும். உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும் பெரியவர்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள்.

ஆங்கிலம் என்று மட்டும் சொல்லி நாட்டைக் குறிப்பிடாவிட்டால், பல கருவிகள் அமெரிக்க வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது மே 4 அன்றைய எடைச் சீட்டு 5/4 என்று அச்சாகும். 1,25,000 ரூபாய் 125,000 ஆகிவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. திரையில் எழுத்துகள் வெறும் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தாலும், சோதனை உள்ளே இருக்கும் குறியீடுகளைப் படித்துச் சரி என்றே அறிக்கை தரும். ஆகவே மொழிக்கு மொழி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முன்பு ஏற்றுக்கொண்ட படத்துடன் ஒப்பிடுவது அவசியம். அதற்கு முன், சோதனை ஓடும் சர்வரில் தமிழ், மலையாள எழுத்துருக்கள் நிறுவப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பல லினக்ஸ் சர்வர்களில் அவை இருப்பதில்லை. சீட்டு அச்சிடும் சிறிய தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றுக்கும் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், அங்கே சீட்டைப் படமாக அனுப்புவதே வழி.

கேள்வி: மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே ஏதாவது சோதிக்க முடியுமா? சொற்கள் சரியா என்று யார் பார்ப்பது? (கூடலூர் வாசகர்)

பதில்: முடியும். ஒரு போலி மொழியை உருவாக்குங்கள்: ஒவ்வொரு சொற்றொடரையும் சற்று நீட்டி, முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குறி இடுங்கள். பின்குறி மறைந்த இடத்தில் கட்டம் போதவில்லை. குறிகளே இல்லாத சொல்லை நிரலுக்குள் யாரோ நேரடியாக எழுதிவிட்டார்கள். சொற்களைச் சரிபார்ப்பது கருவியின் வேலை அன்று. இலை எடை போடும் எழுத்தர் ஒருவரிடம் திரையைக் கொடுத்து, வழக்கமான ஒரு நாள் கொள்முதலைப் பதியச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறாரோ அதைக் குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.