15 வயது மகனும் லேட் மாடல் காரும்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 15 வயது. இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சிமுலேட்டரில் ஓட்டிப் பழகியவன், போன கோடையில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயின் கால் மைல் பாதையில் லெஜண்ட்ஸ் எனப்படும் சிறிய பந்தயக் கார் ஓட்டியிருக்கிறான். கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் உங்கள் பெருமை தெரிந்தது. இப்போது அவன் பதினோராம் வகுப்பை இணையவழியில் படித்துக்கொண்டு சிறு ஓடுபாதைகளில் ஓடும் பெரிய பந்தயக் காரான லேட் மாடலுக்கு மாற வேண்டும் என்கிறான். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவனுடைய அம்மாவுக்குப் பல நாளாகத் தூக்கம் இல்லை.

கடன் வேண்டாம். இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. ஆனால் அது கடனுக்கான பதில் மட்டும்தான், மகனுக்கான பதில் அல்ல.

ஸ்டாக் கார், அதாவது சாலைக் கார்களின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்களின் உலகில் மேலே போகும் வழி பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். லெஜண்ட்ஸ் கார், அதன்பின் ஹிக்கரி, சௌத் பாஸ்டன் போன்ற சிறு ஓடுபாதைகளில் லேட் மாடல், அங்கிருந்து ஆர்கா என்ற வளரும் ஓட்டுநர்களுக்கான தொடர், பிறகு இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் ட்ரக் தொடர் (பிக்கப் ட்ரக் வடிவ வண்டிகள்), இரண்டாம் நிலைத் தேசியத் தொடர், கடைசியில் உச்சத் தொடரான கப். ஆர்கா கிழக்குத் தொடரில் 15 வயதிலேயே ஓட்டலாம். ட்ரக் தொடரின் சிறிய பாதைகளுக்கு 16, பெரிய பாதைகளுக்கு 18. இந்த வயது வரம்புகளைப் படிக்கும் பிள்ளைகள் அவற்றைக் கால அட்டவணையாக எடுத்துக்கொள்கிறார்கள். 18 வயதுக்குள் ட்ரக் ஓட்டாவிட்டால் வாழ்க்கையே தவறிவிட்டது என்று அழுத பையனை நான் பார்த்திருக்கிறேன். அவை அனுமதிக்கும் வயதுகள். யார் எப்போது மேலே போவார் என்பதைப் பெரும்பாலும் பணம் தீர்மானிக்கிறது.

ஜோஷ் பெரியின் கதையை மகனோடு உட்கார்ந்து படியுங்கள். டென்னசியைச் சேர்ந்தவர், பணக்காரக் குடும்பம் இல்லை. வங்கியில் காசாளராக வேலை பார்த்துக்கொண்டே பந்தயம் ஓட்டினார். சிமுலேட்டர் பந்தயங்களில் அவரைக் கவனித்த நாஸ்கார் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், 2010இல் தம் அணியின் லேட் மாடல் காரை அவரிடம் கொடுத்தார். அதன் பிறகு அவர் உடனே மேலே போய்விடவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வட்டாரப் பந்தயங்களிலேயே இருந்தார். மேல் தொடரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாய்ப்புகள், பிறகு மறுபடி அதே சிறு பாதைகள். 2020இல் சிறு பாதைகளுக்கான நாஸ்கார் வாராந்திரத் தொடரின் தேசியச் சாம்பியன் ஆனார். 2021 ஏப்ரலில் மார்டின்ஸ்வில்லில் இரண்டாம் நிலைத் தொடரின் முதல் வெற்றி கிடைத்தபோது அவருக்கு 30 வயது. கப் தொடரின் முதல் வெற்றி 2025 மார்ச்சில், லாஸ் வேகாஸில், வுட் பிரதர்ஸ் அணிக்காக. அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஓட்டிய அணியே மூடப்பட்டிருந்தது.

அந்தப் பத்து ஆண்டுகளை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். லேட் மாடல் பந்தயத்தில் டயர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முதல் சுற்றுகளில் டயரைத் தேய்த்துவிட்டால் கடைசி 30 சுற்றில் கார் திரும்பாது. பொறுமையாக ஓட்டி, டயரை மிச்சம் பிடித்து, கார் எந்த வளைவில் எப்படி வழுக்குகிறது என்பதை மெக்கானிக்குக்குச் சரியான சொற்களில் சொல்லத் தெரிந்தவரைத்தான் அணிகள் தேடுகின்றன. இதைச் சிமுலேட்டர் ஓரளவுதான் கற்றுத்தரும். உங்கள் மகன் மூன்றாவதாக வந்தது எனக்கு இரண்டாம்பட்சம். பந்தயம் முடிந்து இறங்கியதும் காரைப் பற்றி என்ன சொன்னான்? அடுத்த முறை அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இன்னொருவர் ராஜா கரூத். வாஷிங்டனில் வளர்ந்தவர், பந்தயக் குடும்பம் இல்லை. அவரும் கணினித் திரையிலிருந்து வந்தவர்தான். 2019இல் நாஸ்காரின் பன்முகத்தன்மைத் திட்டத்தில் தேர்வாகி லெஜண்ட்ஸ் கார், பிறகு லேட் மாடல், ஆர்கா என்று ஏறினார். 2024 மார்ச் 1 அன்று லாஸ் வேகாஸில் ட்ரக் தொடரின் முதல் வெற்றியைப் பெற்றபோது அவர் வின்ஸ்டன்-சேலம் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர். மோட்டார் பந்தய மேலாண்மைப் பட்டப்படிப்பு. வெற்றிக்கு இரண்டு மாதம் கழித்துப் பட்டமும் வாங்கினார். படிப்பா பந்தயமா என்று உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு இவரைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிறது.

இப்போது, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: விசா. நீங்கள் எச்-1பி விசாவில் இருந்து, மகன் உங்களைச் சார்ந்தவனாக எச்-4 விசாவில் இருந்தால், அவன் படிக்கலாம்; சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பரிசுப் பணம் வாங்குவதும் விளம்பரதாரரோடு ஒப்பந்தம் போடுவதும் வேலையாகக் கருதப்படலாம். எனவே காகிதத்தில் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். அதைவிடப் பெரிய விஷயம், 21 வயதில் அந்தச் சார்பு நிலை முடிந்துவிடும். அதற்குள் பச்சை அட்டை வராவிட்டால் அவன் இந்த நாட்டில் தங்கத் தனக்கென்று ஒரு விசா வேண்டும். நம் பிள்ளைகளில் பலருக்கு அது மாணவர் விசாதான். ஆகவே கல்லூரிச் சேர்க்கையை அவனிடம் மாற்று ஏற்பாடு என்று சொல்லாதீர்கள். அவன் அந்த ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கான வழி அது. பதினோராம் வகுப்பை அவன் பள்ளிக்குப் போயே படிக்கட்டும் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பணத்துக்கு வருவோம். நல்ல அணியிடம் லேட் மாடல் காரை வாடகைக்கு எடுத்தால் ஒரு வார இறுதிக்கே ஆயிரக்கணக்கான டாலர் போகும். ஆர்காவில் ஒரு முழு ஆண்டு பல லட்சம் டாலர். ட்ரக் தொடரில் போட்டியிடத்தக்க இருக்கைக்கு மில்லியன் கணக்கில் விளம்பரதாரர் வேண்டும். வீட்டுக் கடன் இந்த ஏணியில் ஒரு படிக்குக்கூடப் போதாது, வீடு மட்டும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து மூன்று பருவங்களில் கரைத்தது. அந்தப் பையன் திறமைசாலிதான். ஆனால் அப்பாவின் பணம் தீர்வதற்குள் ஜெயித்தாக வேண்டும் என்ற பயத்தில் ஓட்டி, நிறையக் கார்களை உடைத்தான்.

நீங்களும் மனைவியும் உட்கார்ந்து, திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு முடிவு செய்யுங்கள். அதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குள் இன்னும் ஓர் ஆண்டு லெஜண்ட்ஸ், முடிந்தால் கடைசியில் இரண்டு மூன்று லேட் மாடல் பந்தயம். சொந்தக் காரின் வேலையை அவனே செய்யட்டும். விளம்பரதாரருக்கு எழுதும் கடிதத்தை அவனே எழுதிப் பழகட்டும். வந்த பதிலை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஏற்காதீர்கள்.

அம்மாவின் பயத்தை அதட்டி அடக்காதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரியில் மேலே சொன்ன ஜூனியரின் தந்தை டேல் எர்ன்ஹார்ட் டேட்டோனா பந்தயத்தில் மோதி இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சார்லட்டில் நடந்த ஆர்கா பந்தயத்தில் ஒரு இளம் ஓட்டுநர் உயிரிழந்தார். அதன் பிறகே தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் போன்ற கருவி நாஸ்காரில் கட்டாயமானது. மோதலைத் தாங்கும் சேஃபர் சுவர்களும் வந்தன. அதன்பின் கப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் இறக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் எல்லாச் சிறு பாதைகளிலும் இருக்காது. எனவே மகன் ஓட்டப்போகும் பாதைக்கு ஒருமுறை அம்மாவையே அழைத்துப் போங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். இருக்கைப் பட்டையில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்க்கட்டும், பழைய பட்டையோடு கார் பாதைக்குள் போகக் கூடாது. இந்தச் சோதனைப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நம் பெயர், நம் நிறத்துக்கு அங்கே இடம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010இல் மார்டின்ஸ்வில்லில் தம் முதல் ட்ரக் பந்தயத்தில் 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டு அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அவர் ஏற்கெனவே ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டிவிட்டு அங்கே போனவர், உங்கள் மகனின் வழி வேறு. ஆனாலும் அந்த வாக்குகளை மகனிடம் சொல்லுங்கள்.

ஒருவேளை ஓட்டுநர் இருக்கை கிடைக்காமலே போகலாம். சார்லட் பல்கலைக்கழகத்தில் ஆலன் குல்விக்கி பெயரில் பந்தயப் பொறியியல் ஆய்வகம் இருக்கிறது. இயந்திரப் பொறியியல் படித்து, 1992இல் கப் சாம்பியன் ஆனவர் அவர். மகன் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்த மாதம் மூவரும் சேர்ந்து என்னைப் பார்க்க வாருங்கள். அதுவரை இரண்டு நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் போன பருவத்தின் செலவு முழுவதும், பெட்ரோல், விடுதி வாடகை உட்பட. மற்றொன்றில், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காரைப் பற்றி மகன் சொன்னது, அவன் கையெழுத்திலேயே. இரண்டாவது நோட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.