பாதிப் பாதி இஎம்ஐ இனி சரிவருமா?

கேள்வி: காட்பாடியில் நானும் கணவரும் வங்கிக் கடனில் வீடு வாங்கினோம். பத்திரம், கடன் இரண்டுமே இருவர் பெயரில். இப்போது பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்டு வேலூர் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். அவர் பங்கை நானே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. மகளோடு அந்த வீட்டில் இருப்பது நான்தான். இஎம்ஐ 21,500 ரூபாய் அவர் கணக்கில் பிடிக்கிறார்கள். என் பாதியை மாதாமாதம் கொழுந்தனார் கையில் கொடுக்கிறேன். இப்போது கணவர், "நீதானே இருக்கிறாய், முழுசும் நீயே கட்டு" என்கிறார். நியாயமா? (பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: முதலில் கொழுந்தனார் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ரசீது இல்லாத ரொக்கம் கோட்டை அகழியில் போட்ட மாதிரிதான். இனி கணக்கு வழியாக அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தையும் 'வீட்டுக்கடன் பாதி' என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கணவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. வங்கியிடம் கடன் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். பாக்கி 22 லட்சம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 21,500-இல் சுமார் 15,600 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 5,900 சொச்சம்தான். வட்டியை, குடியிருக்கிற நீங்கள் வாடகை போல நினைத்து ஏற்கலாம். அசல் அப்படியல்ல. அதில் யார் ரூபாய் போட்டாலும், வீட்டில் போட்டவர் பங்கைத்தான் அது கூட்டுகிறது.

ஆகவே ஒரு தேதியைக் குறியுங்கள். அன்றைய சந்தை மதிப்பு 48 லட்சம், கடன் பாக்கி 22 லட்சம் என்றால் மிச்சம் 26. அவருக்கு 13 லட்சம். அந்தத் தேதிக்குப் பிறகு முழு இஎம்ஐயும் நீங்கள் கட்டினால், கழிகிற அசல் முழுக்க உங்களுடையது, 13 மாறாது. அவரும் பாதி கட்டினால், அவர் கட்டிய அசலை 13-உடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டு விலை ஏறிவிட்டது என்று பிறகு யாரும் பேசாமலிருக்க, இதை மனுவோடு சேரும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வங்கிக்கு உங்கள் விவாகரத்து ஒரு பொருட்டில்லை. கோர்ட் தீர்ப்பு என்ன சொன்னாலும், கடனில் கையெழுத்துப் போட்ட இருவருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒரு தவணை தவறினால் இருவர் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அவர் கணக்கில் பணம் இல்லாத மாதம் வரும்வரை காத்திருக்காமல், தானியங்கிப் பிடித்தத்தை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். உங்கள் சம்பளத்துக்கு மட்டும் அந்தக் கடன் கிடைக்குமா என்றும் இப்போதே கேளுங்கள். கிடைக்காது என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண், வீட்டை விற்றுப் பிரிப்பதுதான் வழி.

அப்புறம், அவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். குடும்ப உறுப்பினருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகையைக் கேட்பது சிக்கல். அதனால் வங்கியின் சம்மதக் கடிதத்தோடு தீர்ப்புக்கு முன்பே பதிவை முடிக்கப் பாருங்கள். 13 லட்சத்துக்கு டிடி எடுத்துப் போய், அவர் சார்பதிவாளர் முன் கையெழுத்திடும்போது கொடுங்கள்.