கேப்பா, ஆன்லேயா? பல் மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடிந்தது. கேப் போடச் சொல்கிறார்கள். ஆன்லே போதாதா டாக்டர்?

பதில்: கேப் பல்லைச் சுற்றிலும் மூடும்; ஆன்லே கடிக்கும் மேல்பகுதியை மட்டும் மூடி ஒட்டப்படுவது. எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லின் மேடுகளை மூடாமல் விட்டால், கடலை உருண்டையைக் கடிக்கிற ஒருநாள் பிளந்துவிடலாம். பிளவு வேருக்குள் இறங்கினால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். அதனால் மேலே மூடியாக வேண்டும். ஆனால் மூடுவதற்காகச் சுற்றிலும் சீவ வேண்டியதில்லை. முழுக் கேப்புக்கு, ஈறுக்கு மேலே தெரிகிற பல்லில் மூன்றில் இரண்டு பங்குகூடப் போய்விடும். செராமிக் ஆன்லேக்கு மேடுகளில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்தால் போதும். பல்லின் பக்கங்களில் உள்ள எனாமல் அப்படியே நிற்கும், பசைக்குப் பிடிமானமும் அதுதான். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் சுவர் உறுதியாக இருந்தால் நான் ஆன்லேதான் போடுவேன். சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாகப் போயிருந்தால் கதை வேறு, அங்கே ஈரத்தை அடக்குவது பெரும்பாடு.

ஒட்டும்போது ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாள்) போடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். எச்சில் பட்டால் பசை நிற்காது.

கேள்வி: எவ்வளவு செலவாகும்?

பதில்: ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் மாறும்.

கேள்வி: சின்னச் சொத்தைக்கும் ஆன்லே போடலாமா?

பதில்: வேண்டாம். பல் நிறத்தில் வரும் காம்போசிட் அடைப்பு போதும்.

கேள்வி: ஒரே நாளில் முடியுமா?

பதில்: ஸ்கேன் செய்து அங்கேயே கடைந்தெடுக்கும் இயந்திரம் இருந்தால் முடியும். 1985-ல் சூரிச்சில் செரெக் என்ற இயந்திரம் அப்படித்தான் ஆரம்பித்தது. இல்லையென்றால் அளவெடுத்து லேபுக்குப் போகும், அதுவரை தற்காலிக அடைப்பு.

கேள்வி: நான் லேபில் வேலை பார்க்கிறேன் சார். ஸிர்கோனியா செராமிக்தான் பலம், அதை ஏன் சொல்வதில்லை?

பதில்: உடையாது, சரி. ஆனால் ஆன்லே நிற்பது ஒட்டுதலில். லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்கில் கண்ணாடி இருக்கிறது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி வைத்தால் உட்பக்கம் சொரசொரப்பாகும், சிலேன் என்ற இணைப்பு மருந்து தடவி ரெசின் சிமெண்டில் ஒட்டலாம். ஸிர்கோனியாவில் அந்த வித்தை பலிக்காது. நுண்துகளைப் பாய்ச்சிச் சொரசொரப்பாக்கும் மணல் வீச்சும், எம்.டி.பி. என்ற பாஸ்பேட் சேர்மம் கலந்த பிரைமரும் (ஒட்டுவதற்கு முன் தடவும் பூச்சு) வேண்டும்.

கேள்வி: மணல் வீச்சு கொடுத்துத்தானே சார் அனுப்புகிறோம்?

பதில்: அனுப்புகிறீர்கள். அப்புறம் வாயில் வைத்துப் பொருத்தம் பார்க்கிறோமே? எச்சிலில் உள்ள பாஸ்பேட், எம்.டி.பி. உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது.

கேள்வி: பாஸ்பாரிக் அமிலத்தில் கழுவலாமே?

பதில்: அதுவும் பாஸ்பேட்தானே தம்பி! கெட்டது போங்கள். பொருத்தம் பார்த்தபிறகு மறுபடி மணல் வீச்சு, அல்லது அதற்கென்றே உள்ள சுத்திகரிப்பு மருந்து. இரண்டும் செய்யாதவர்களிடம் ஸிர்கோனியா ஆன்லே வேண்டாம். ரப்பர் டேம் இதற்கும் உண்டு.

கேள்வி: ரேட் சொல்லுங்களேன் டாக்டர்.

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இரவில் பல்லை நறநறவென்று கடிப்பேன். ஆன்லே தாங்குமா?

பதில்: நைட் கார்ட் (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை) போட்டுக்கொண்டால் வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத இடமென்றால் தங்கத்தையும் யோசியுங்கள், எதிர்ப்பல்லை அவ்வளவாகத் தேய்க்காது.

கேள்வி: பழைய அடைப்புள்ள பல். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீர் என்கிறது. ஆன்லே போட எவ்வளவு...

பதில்: விலையை விடுங்கள். கடித்த பல்லை விடுவிக்கும்போது வலித்தால் பல்லில் விரிசல் இருக்கலாம். இந்த வாரமே காட்டுங்கள், அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்.