இடுப்பு வலிக்குச் சாட்சி யார்?

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 46. துணி ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். எட்டு மாதத்துக்கு முன் மினிபஸ் டாக்ஸியில் வேலைக்குப் போகும்போது, ஹிக்கின்சன் ஹைவேயில் கை காட்டின ஆளை ஏற்ற டிரைவர் சட்டென்று பிரேக் போட்டான். பின்னால் வந்த பக்கி (பிக்கப் வண்டி) இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. கிளினிக்கில் கழுத்தைத் தொட்டுப் பார்த்து பனடோ வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள்தான் இடுப்பு பிடித்தது. இப்போது வலி இடது காலில் பாதம் வரை இறங்குகிறது. அரை மணிக்கு மேல் மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை. போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, "ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டில் பெரிய பணம் வாங்கித் தருகிறோம்" என்று நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். சதவீதம் எழுதும் இடம் காலியாக இருந்தது. நகலும் தரவில்லை. தப்பு பண்ணிவிட்டேனா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, இதழ் அச்சாகி வரும்வரை இது தாங்காது என்றுதான் உன் நம்பருக்கு அன்றைக்கே கூப்பிட்டேன். மற்றவர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன். ஜெயித்தால்தான் கூலி என்கிற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு நகல் உன் கையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் வேண்டாம் என்று விலகிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. ஜெயித்ததற்காக வக்கீல் எடுக்கும் பங்கு, வந்த பணத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலி இடத்தில் பிறகு எந்த எண்ணை எழுதுவார்களோ! வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேஸ் பிடிக்க வக்கீலுக்கு அனுமதியும் கிடையாது. வேறு வக்கீலிடம் போகுமுன் அவர் பெயர் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவாகி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் 31 வருஷம் இந்த ஃபைல்களை டைப் அடித்தவள் நான். (தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுப் தாதூ பெயர். என் வாய்க்கு இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்.) அதனால் உன் கடிதத்தில் எனக்கு உறுத்தினது வந்த ஆள் இல்லை, "கழுத்தைத் தொட்டுப் பார்த்து" என்ற வார்த்தை. உன் ஆஸ்பத்திரி கார்டில் கழுத்து மட்டும்தான் இருக்கும். இடுப்பு இருக்காது. "விபத்தில் அடிபட்டது கழுத்து, இடுப்பு வயசுக் கோளாறு" என்று எதிர்த்தரப்பு சொல்லுமே, பதிலுக்கு எதைக் காட்டுவாய்? டிஸ்க் பிதுங்கினால் வலி சில நாள் கழித்து வருவது உண்டு. ஆனால் அதை டாக்டர் எழுதினால்தான் பேச்சு. நாளைக்கே போ. விபத்துத் தேதி, மூன்றாம் நாள் பிடித்தது, இடது கால், பாதம், அரை மணி, எல்லாம் சொல்லி, கார்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், டிஸ்க் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். தொடை நடுவே மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, கேஸை மறந்துவிட்டு அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு ஓடு. மற்றபடி படுத்தே கிடக்காதே. மெல்ல நட.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஈடு தரும் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் யார் பணம் என்று நினைக்கிறாய்? பெட்ரோல் டீசல் லிட்டருக்கு 2 ராண்டுக்கு மேல் அதற்குத்தான் போகிறது. உன் டாக்ஸிக் காசிலும் அது இருக்கிறது, கூச்சப்படாதே. இடித்த வண்டி யாருடையது என்று தெரியாவிட்டால் மனு 2 வருஷத்துக்குள் போக வேண்டும், தெரிந்தால் 3 வருஷம். நீ பயணி. திடீர் பிரேக் போட்ட டாக்ஸி டிரைவர் மேல் நூற்றில் ஒரு பங்கு தப்பு இருந்தாலே உனக்கு வழி உண்டு, அவன் தெரிந்த ஆள்தான். ஆனாலும் 2 வருஷம் என்றே வைத்துக்கொள். போலீசில் ஏ.ஆர். நம்பர் (விபத்துப் பதிவு எண்) வாங்கு. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடு.

வலிக்கும் வேதனைக்கும் என்று தனியாகக் கிடைக்கும் தொகைக்கு காயம் "சீரியஸ்" என்று ஃபண்டின் ஆர்.ஏ.எஃப். 4 படிவத்தில் டாக்டர் சான்று தர வேண்டும். உடம்பு மொத்தத்தில் 30 சதவீதம் பாதிப்பு என்பது அளவு. இடுப்பு கேஸில் அது எட்டாமல் போவது சகஜம். அப்போது உடம்பின் ஒரு செயல்பாடு நெடுநாளைக்குக் கடுமையாகக் குறைந்ததா, போய்விட்டதா என்று பார்ப்பார்கள். உட்கார்ந்தே பிழைக்கிற மெஷினிஸ்டுக்கு அங்கேதான் பலம். மருத்துவச் செலவும் போன சம்பளமும் இந்த "சீரியஸ்" படிவத்தைச் சாராதவை. இனி ஆகப்போகும் வைத்தியத்துக்கு "செலவாகும்போது தருகிறோம்" என்று ஃபண்ட் ஒரு உறுதிச் சான்று கொடுக்கலாம்.

ஒன்று கேள். எங்கள் கட்சிக்காரர் ஒருவர், நிஜமாகவே இடுப்பு போனவர், கிளேர்வுட் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தார். "வேண்டுதல் அக்கா, முருகன் தூக்கினான்" என்றார். ஃபேஸ்புக்கில் போட்ட படம் எதிர்த்தரப்பு மேஜைக்கு வந்துவிட்டது. மறுநாள் அவர் எழுந்திரிக்கவே முடியாமல் கிடந்ததை எந்தப் படமும் காட்டவில்லை. நீ ஒரு நோட்டு வை. எத்தனை மணிக்கு வலி எழுப்பியது, துணி உலர்த்த யார் வந்தார்கள், என்றைக்கு வேலைக்குப் போகவில்லை, தினம் ரெண்டு வரி.

கேள்வி: கோடவுனில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. முதலாளி, "ரிப்போர்ட் பண்ணாதே, சிக் லீவ் எடு" என்கிறார். என்ன செய்வது?
(டொங்காட்)

பதில்: தம்பி, உன் முதலாளி 7 நாளுக்குள் அதை, வேலையில் அடிபட்டவர்களுக்கு ஈடு தரும் காம்பன்சேஷன் ஃபண்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீயே அறிவி. அவர்மேல் தனியாக வழக்குப் போட முடியாது. ஆனால் முழுதாக வேலை செய்ய முடியாத முதல் 3 மாதம் சம்பளத்தில் 75 சதவீதம் அவர் தர வேண்டும், ஃபண்டிடமிருந்து அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். சிக் லீவில் கையெழுத்துப் போட்டால் "வீட்டில் விழுந்தான்" என்று ஆகிவிடும். போடாதே. ஏணியை அன்றைக்குப் பிடித்திருந்த பையன் பெயரையும் நம்பரையும் இப்போதே எழுதி வை, அடுத்த மாதம் அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான்.