கறுப்பு வண்டு ஆணாம், சிவப்பு வண்டு பெண்ணாம்!

கேள்வி: பெங்களூருவில் ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு 20 தென்னை. ராத்திரி மாட்டுக்கொட்டகை லைட்டுக்குக் கொம்பு வைத்த கறுப்பு வண்டு வந்து விழுகிறது. போன வாரம் ஒரு மரத்தடியில் நீள மூக்கோடு செம்பழுப்பு வண்டும் கிடைத்தது. இரண்டும் ஒரே வண்டின் ஆண், பெண் என்கிறார் மருந்துக்கடைக்காரர். குருத்தில் போட ஒரு குருணை கொடுத்தார், பொட்டலத்தில் பெயர் இல்லை. மரத்துக்கு எவ்வளவு போடலாம் ஐயா?

பதில்: ஒரு சிட்டிகை கூடப் போடாதீர்கள். பெயரில்லாத குருணை என்றாலே எனக்கு ஃபோரேட் என்ற பூச்சிமருந்து ஞாபகம்தான் வரும், அது 2020 கடைசியோடு தடை. பெயரைச் சொல்லி விற்கத் தைரியம் இல்லாதவரிடம் வண்டுப் பாடம் கேட்டால் இப்படித்தான்.

கறுப்பு, காண்டாமிருக வண்டு. சிவப்பு, கூன்வண்டு. சொந்தமே கிடையாது. காண்டாமிருக வண்டு வளர்ந்த பிறகுதான் மரத்துக்கு வரும், குருத்தைக் குடையும், அந்த மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி இருக்கும். அதன் புழுவோ மக்கிய சாணியிலும் செத்த தென்னந்தடியிலும்தான் வளரும். கூன்வண்டின் புழு உயிருள்ள மரத்துக்குள்ளேயே பிறந்து, உள்ளே தின்று, அங்கேயே நாரால் கூடு கட்டிக்கொள்ளும். முட்டை வைக்க அதற்கு ஒரு காயம் போதும். கறுப்பு வண்டு போட்ட ஓட்டையோ அரிவாள் கொத்தோ, எதுவானாலும் சரி.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எருக்குழியைப் பற்றி. மாடு இருக்கிறது, குப்பை மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும், இல்லையா? அதைக் கிளறுங்கள். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அப்புறம் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து எருவில் ஊற்றுங்கள், ஈரம் காயக்கூடாது. வெயிலில் அடுக்கி வைத்த கடை பாக்கெட்டில் பூஞ்சாணம் செத்திருக்கும், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் விசாரித்து வாங்குங்கள். பக்கத்து சைட்டில் வீடு கட்ட வெட்டிப்போட்ட தென்னந்தடி மக்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். லேஅவுட் போடுகிற இடமெல்லாம் இந்தக் கூத்துதான், எத்தனை மருந்தடித்தாலும் வண்டு அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும்.

குருத்துக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், உள் மட்டை இடுக்கு மூன்றில் போடுங்கள்.

சிவப்பு வண்டு கிடைத்த மரத்தை இன்றே பாருங்கள். தண்டில் ஓட்டை, பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. நடுக்குருத்தே சாய்ந்துவிட்டால் வெட்டிப் பிளந்து எரிக்க வேண்டியதுதான். மற்ற மரங்களில் பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள், நாலடியாவது விடுங்கள்.

அடுத்து, வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கடைக்காரர் நீட்டுவார். 20 மரத்துக்கு நீங்கள் மட்டும் தனியாக வைத்தால் ஊர் வண்டையும் உங்கள் தோட்டத்துக்கு அழைத்த மாதிரி ஆகும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்தால் வையுங்கள், அதையும் தென்னையில் கட்டாமல் தள்ளிக் கம்பம் நட்டுக் கட்டுங்கள்.